நடிகரின் தாலந்தும் முகவரின் கடமையும்

"நான் நடிக்கப் போகிறேன்" என்று பிள்ளை சொல்லிவிட்டால் நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. குடும்ப மானம் போய்விடும் என்ற சீற்றம் ஒன்று. எப்படியாவது திரையில் முகம் தெரியட்டும் என்ற பேராசை மற்றது. இரண்டும் பிள்ளைக்குத் தீங்கானவை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வளரும் நம் பிள்ளைகளுட் சிலர் மேடையையும் திரையையும் நாடும் இந்நாளில், பெற்றோர் இரு கேள்விகளை நிதானமாகச் சிந்திக்க வேண்டும். நடிப்பு தகுந்த தொழில்தானா? ஒருவரின் திறமையை இன்னொருவர் கையில் கொடுத்து விலைபேசச் செய்வது முறையாகுமா?

முதற் கேள்விக்குப் புனித அக்குவினாஸ் தோமையார் 13ஆம் நூற்றாண்டிலேயே விடை கூறிவிட்டார். மனிதருக்கு இளைப்பாறுதல் தருகின்ற நடிகர் தொழில் தன்னளவில் பாவமானதன்று. தகாத சொல்லும் செயலும் அதிற் கலவாதிருக்க வேண்டும். நடிகரின் உழைப்புக்கு அளவோடு ஊதியம் கொடுப்பவர் நீதியையே செய்கிறார் என்பது அவரது போதனை. இந்தத் தெளிவு எக்காலத்திலும் கடைப்பிடிக்கப்பட்டதென்று சொல்வதற்கில்லை. 1673இல் பாரிஸ் நகரில் நாடகாசிரியரும் நடிகருமான மோலியேர் இறந்தபோது, நடிகர் என்ற காரணத்தால் அவருக்குக் கிறிஸ்தவ அடக்கம் மறுக்கப்பட்டது. அரசர் பதினான்காம் லூயி தலையிட்ட பின்னரே, இரவு வேளையில், ஆடம்பரமின்றி அவர் அடக்கம் செய்யப்பட்டார். தொழிலை வெறுத்தவர்கள் ஆளையும் வெறுத்தார்கள். ஆயினும் அதே திருச்சபையிலே, 1941இல் நாஸிகள் பிடித்திருந்த கிராக்கோவ் நகரில் வீடுகளுக்குள் இரகசியமாக நாடகம் நடித்த ஓர் இளைஞர் பிற்காலத்தில் பாப்பரசரானார். அவரே புனித இரண்டாம் அருளப்பர் சின்னப்பர்.

இரண்டாவது கேள்வி நம்மவருக்குச் சற்றுப் புதியது. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரத்திலும் எஸ்தாக்கியார், ஞானசௌந்தரி போன்ற கூத்துக்கள் மேடையேறியபோது முகவர் எவரும் தேவைப்படவில்லை. யாருக்குக் குரல் உண்டு, யாருக்கு ஆட்டம் வரும் என்பது அண்ணாவியாருக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். பெருநகரில் ஒருவரை ஒருவர் அறியார். அங்கு நடிப்பைப் பயின்று, சிறு மேடைகளிலும் மாணவர் எடுக்கும் படங்களிலும் நடித்துப் பழகி, தன் முகப்படத்தையும் நடித்தவற்றின் விபரத்தையும் ஆயத்தம் செய்துகொண்ட இளைஞருக்கு, ஆள் தேடுவோரிடம் தன்னை அறிமுகப்படுத்த ஒருவர் வேண்டும். ஊதியம் பேசவும், ஒப்பந்தத்தைப் படித்து விளக்கவும், தொல்லை நேர்ந்தால் முன்னிற்கவும் ஒருவர் வேண்டும். அவரே முகவர். அவருடைய உழைப்புக்கும் கூலி உண்டு. நடிகர் பெறும் ஊதியத்தில் நூற்றுக்குப் 10 வீதம் முகவருக்கு என்பது அமெரிக்காவில் நெடுநாள் வழக்கம்.

அந்தப் பங்கு எந்த உரிமையினால் வருகிறது? 'டலண்ட்' என்னும் ஆங்கிலச் சொல் திறமை என்ற பொருளைப் பெற்றது மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்திலுள்ள தாலந்து உவமையிலிருந்துதான். உவமையிலே தாலந்து தலைவருக்குரியது; அதைப் பெற்ற ஊழியன் கணக்குக் கொடுக்க வேண்டியவன். நடிகரின் திறமையும் இறைவன் ஒப்படைத்ததே. அதைக் கையாளும் முகவர் உரிமையாளர் அல்லர், கண்காணிப்பாளரே. இதிலிருந்து இரண்டு விதிகள் பிறக்கின்றன.

ஒன்று: தாலந்து பலன் தந்த பின்னரே முகவருக்குப் பங்கு உண்டு. பதிவுக் கட்டணம், படமெடுக்கக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று முதலிலேயே பணம் கேட்பவர் பிள்ளையின் திறமையினால் அன்று, பிள்ளையின் ஆசையினாற் பிழைப்பவர். ஹொலிவூட் அமைந்துள்ள கலிபோர்னியா மாநிலம், வேலை தேடித் தருவதாகச் சொல்லி முற்பணம் வாங்குவதை 2009இல் இயற்றிய சட்டத்தால் தடைசெய்ததற்குக் காரணம் இதுவே.

இரண்டு: முகவர் விலைபேசக் கூடியது உழைப்பை, ஆளையன்று. அந்தக் கிராக்கோவ் நடிகரே, ஆயராயிருந்த காலத்தில், 1960இல் வெளியான 'அன்பும் பொறுப்பும்' என்ற நூலில், மனிதரை வெறும் கருவியாகப் பயன்படுத்துவது ஒருபோதும் தகாது என்பதை ஒழுக்கத்தின் அடிப்படை விதியாக நிறுவினார். 2017 ஒக்டோபரில் ஹொலிவூட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் மீது பெண்கள் பலர் சாட்டிய குற்றங்கள் வெளிவந்தபோது உலகம் திடுக்கிட்டது. நமக்கு அயலிலுள்ள கேரளத்தின் திரைத்துறை பற்றி நீதிபதி ஹேமா குழு தந்த அறிக்கை 2024 ஓகஸ்ட்டில் வெளியானது. வாய்ப்புக்கு விலையாக உடலைக் கேட்ட கொடுமையையும், வாய்ப்புப் போய்விடும் என்ற அச்சத்தால் பெண்கள் வாய்மூடியிருந்ததையும் அது எடுத்துரைத்தது.

இவ்விதிகள் அந்நியருக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும் உரியவை. 1921இல் சார்ளி சப்ளினுடன் நடித்து உலகப் புகழ்பெற்ற சிறுவன் ஜாக்கி கூகன், வளர்ந்து ஆளான பின் தன் சம்பாத்தியத்தில் பெரும்பகுதியைத் தாயும் மாற்றாந்தந்தையும் செலவழித்துவிட்டதைக் கண்டான். 1938இல் அவர்கள்மீது வழக்குத் தொடுத்தான். மறு ஆண்டே சிறுவர் நடிகரைக் காக்கும் சட்டம் கலிபோர்னியாவில் பிறந்தது. இன்று அங்கு நடிக்கும் சிறுவரின் ஊதியத்தில் நூற்றுக்கு 15 வீதம் அவர்கள் பெயரிலேயே வைப்பிலிடப்பட வேண்டும். பெற்ற பிள்ளையின் தாலந்துக்கும் பெற்றோர் கண்காணிப்பாளரே அன்றி உரிமையாளர் அல்லர்.

"இத்தனை ஆபத்து இருக்கையில் போகாதே என்று தடுப்பதுதானே விவேகம்?" எனக் கேட்கலாம். ஆபத்து உண்மைதான். ஆனால் விவேகம் வேறு, அச்சம் வேறு. உவமையின் மூன்றாம் ஊழியன் தாலந்தை நிலத்திற் புதைத்தது அச்சத்தால். தலைவர் அவனைப் பாராட்டவில்லை. மேலும், "போனால் இந்த வாசற்படி மிதிக்காதே" என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்பிள்ளை, தீயவன் ஒருவன் அறைக்கு அழைக்கும்போது யாருக்குத் தொலைபேசி எடுப்பாள்? அவள் வீட்டுக்குச் சொல்லமாட்டாள் என்பதே அவனுடைய துணிவு. அந்தத் துணிவை அவனுக்குக் கொடுத்தவர்கள் யார்?

ஆகவே பெற்றோரே, ஆராய்ந்து துணை நில்லுங்கள். வேறொரு தொழிலுக்கான கல்வியையும் பிள்ளை கைவிடாதிருக்கச் செய்யுங்கள். நடிப்பு மட்டும் சோறுபோடுவது மிகச் சிலருக்கே. முகவர் இதற்குமுன் யாருக்காக வேலை செய்தார் என்று விசாரியுங்கள். நடிகர் சங்கத்தில் ஆலோசனை கேளுங்கள். ஒப்பந்தத்தைப் பிள்ளையோடு இருந்து வரிவரியாகப் படியுங்கள். முற்பணம் கேட்பவரையும், அலுவலகம் இருக்க விடுதி அறைக்கு வரச் சொல்பவரையும் விட்டு விலகச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எது நடந்தாலும் எந்நேரமும் வீட்டுக்கு வரலாம் என்பதைப் பிள்ளையின் காதில் விழும்படி இன்றே சொல்லிவையுங்கள். தாலந்தைத் தந்தவர் அதற்கு நம்மிடமும் கணக்குக் கேட்பார்.