முன்னோரைத் தேடுதல் தகுமா?

பிறப்பினால் உயர்வுமில்லை, தாழ்வுமில்லை என்று உபதேசித்த ததாகதரைச் சரணடைந்தவர்கள், தம் பாட்டன் யார், பூட்டன் யார், அவர்கள் எவ்வூரினின்று வந்தனர் என்று தேடித் திரிதல் தகுமா? இவ்வினாவை நம்மவருள் இளைஞர் சிலர் எழுப்பி வருகின்றனர். 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தீட்சை பெற்றதோடு பழைய கணக்குகள் யாவும் தீர்ந்தன. இனிப் பின்னோக்கிப் பார்ப்பது புதைத்த சாதியைத் தோண்டி எடுப்பதேயாகும் என்பர் ஒரு சாரார். பிறருக்கெல்லாம் வம்சாவளி உண்டே, நமக்கு மட்டும் ஏன் இல்லாது போயிற்று என்று ஏங்குவர் மற்றொரு சாரார். இரு சாராரும் நல்லெண்ணமுடையவர்களே. ஆயினும் இரண்டு வழியிலும் இடறும் கல் ஒன்று கிடக்கின்றது.

போதி பெற்றபின் பகவான் கபிலவாஸ்துவுக்கு வந்து வீதியிலே பிட்சை ஏற்றார். நம் குலத்தில் எவரும் இரந்துண்டதில்லையே என்று சுத்தோதனர் மனம் நொந்தார். அந்த அரச குலம் உம்முடையது, நமது குலமோ புத்தர்களின் குலம் என்று பகவான் விடையிறுத்தார். முதற் சாரார் இதனையே எடுத்துக் காட்டுவர். ஆனால் சிகாலனுக்குச் செய்த உபதேசத்திலே, மக்கள் பெற்றோருக்கு ஆற்ற வேண்டிய ஐந்து கடன்களுள் குலமரபைப் பேணுதலையும், மறைந்தோரை எண்ணித் தானமளித்தலையும் அப்பெருமானே சேர்த்திருக்கின்றார். பெயரும் ஊரும் அறியப்படாதவரை எங்ஙனம் எண்ணுவது?

மேலும் தீக நிகாயத்திலே ஒரு செய்தி உண்டு. பிராமண இளைஞன் ஒருவன் சாக்கியரை இழிகுலத்தார் என்று பழித்தான். பகவான் அவனுடைய கோத்திரத்தை வினவி, அதன் மூலத்தை ஆராய்ந்து, ஒக்காக மன்னனின் அடிமைப் பெண்ணாகிய திசா என்பவளிடம் கொண்டுபோய் நிறுத்தினார். உடனிருந்தோர் அவ்விளைஞனை எள்ளி நகைத்தபோது அதனையும் தடுத்து, அவளுடைய மகன் பெரியதோர் ரிஷியானான் என்று எடுத்துரைத்தார். செருக்கை அறுக்க வம்ச விசாரணை பயன்பட்டது; அடிமைத் தாயைப் பெற்றிருத்தல் இழிவன்று என்பதும் அதே வாயால் சொல்லப்பட்டது. நாம் இவ்விடயத்தில் கைக்கொள்ள வேண்டிய நெறி இதுவே என்று கருதுகிறோம்.

இனி, தேடுவோருக்கு நேரும் துன்பத்தைச் சொல்லுவோம். அரித்துவாரத்துப் பண்டாக்களிடம் சில குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக எழுதிய ஏடுகள் இருக்கின்றன. நம் பாட்டன்மார் கங்கைக்குச் சென்றவர்களல்லர். கிராமத்துக் கணக்கப்பிள்ளையின் ஏடுகளோ பட்டா உடையவன் பெயரையே கூறும். அந்நிலத்தை உழுதவன் பெயர் அதில் இராது. ஆங்கில அரசாங்கம் பத்தாண்டுக்கொரு முறை வீடு வீடாகச் சென்று எல்லோரையும் எழுதிற்று. ஆனால் சாதி வாரியாகத் தொகையைக் கூட்டியபின் பெயர் எழுதிய தாள்களைப் பாதுகாக்கவில்லை. சாதி எஞ்சிற்று, மனிதன் எஞ்சவில்லை!

இதனினும் கொடியது ஒன்றுண்டு. 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் அடிமை முறைக்கு நீதிமன்ற ஆதரவை நீக்கும்வரை, தமிழ்நாட்டிலே ஆட்களை விற்றும் வாங்கியும் எழுதிய அடிமை ஓலைகள் வழங்கி வந்தன. அவற்றிலே இன்னாருடைய மகன் இன்னான் என்று பெயர் கண்டிருக்கும். அக்காலத்து ஏழை உழவன் ஒருவனின் பெயர் ஏட்டிலேறியது, அவன் ஒருவனுடைய உடைமையாக எண்ணப்பட்டபோதுதான். கடல் கடந்தவர் கதையும் இத்தகையதே. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற 152,184 பேரில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர். அவர்களுடைய பெயர், தந்தை பெயர், வயது, சாதி, தாலுகா, கிராமம், உடலிலுள்ள தழும்பு வரையில் பதிவாகியுள்ளன. ஆதலின் டர்பனில் வாழும் ஒருவர் தம் பூட்டனின் ஊரைக் கண்டறிய இயலும். அவ்வூரை விட்டு அகலாத தம்பியின் சந்ததியார்க்கு அதே பூட்டனைப் பற்றி ஓர் எழுத்தும் கிட்டாது. விற்றாலும், கப்பலேற்றினாலும் அன்றி நம்மவர் பெயரை எழுத ஒருவருக்கும் கை வரவில்லை.

கோலார் தங்கவயலுக்கு வடஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளினின்று வந்த குடும்பங்களின் நிலை சற்றே மேல். 1880-இல் தொடங்கி 2001-இல் மூடப்பட்ட அச்சுரங்கங்களில் வேலைப் பதிவுகள் உண்டு. ஆனால் விரல் ரேகையைப் பதிவு செய்யும் ஏற்பாட்டை எதிர்த்து 1930-இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததையும் மறக்கலாகாது. பதிவு என்பது பாதுகாப்பு என்று இன்று நாம் கருதுகிறோம். அன்று அவர்களுக்கு அது விலங்காகத் தோன்றிற்று. ஆலையிலே உழைத்த நமக்கும் பெயரைவிட வில்லையின் எண்ணே பெரிதாயிருந்தது. ஆதலின் அவர்களுடைய சினம் நமக்கு விளங்குகிறது.

ஏடு இல்லாதவிடத்து வாய்மொழியே ஏடு. ஆண்டு தெரியாத மூத்தோரிடம் ஆண்டைக் கேட்டல் வீண். தாது வருடப் பஞ்சத்துக்கு முன்னா, பின்னா என்று வழிவழியாகக் கேட்ட கதையை வினவுக. அது 1876 முதல் 1878 வரை. பெங்களூரில் பிளேக் கண்டது 1898. சிவசமுத்திரத்து மின்சாரம் தங்கவயலுக்கு எட்டியது 1902. இவ்வாறு முளையடித்தால் காலம் நிற்கும். பாட்டன் பெயரைத் தாங்குவோன் பெயரன். அதுவே பேரன் என்றாயிற்று. ஆகவே ஒரே பெயர் இரு தலைமுறைக்கொரு முறை திரும்பி வரும். இருவரை ஒருவராக்கிவிடாதிருக்க அவரவர் மனைவியின் பெயரையும் கேட்க வேண்டும். பெண்களைக் கேட்போர் மிகக் குறைவு. இழவு வீட்டில் ஒப்பாரி சொல்லும் கிழவி, தாய்வீட்டு உறவை முறை தவறாமல் அழைப்பாள். அவளறிந்தது வேறெந்த அலுவலகத்திலும் இல்லை.

இனிக் கடினமான இடத்துக்கு வருகிறோம். பெருமுயற்சியின் பின் ஒரு பள்ளிப் பதிவேட்டிலோ ஞானஸ்நானப் பதிவேட்டிலோ பாட்டன் பெயர் கிடைக்கிறது. அதன் பக்கத்திலேயே நாம் உதறித் தள்ளிய சாதிச் சொல்லும் நிற்கிறது. குடும்ப ஏட்டில் அதனைப் படியெடுக்கலாமா? கூடாது என்று கொதிப்போரை நாம் மதிக்கிறோம். எனினும் அடித்துவிட்டு எழுதுவது நான்காம் சீலத்துக்கு இழுக்காகும். எழுதுக, ஆனால் அவருடைய பெயராக எழுதாமல், பதிந்த எழுத்தர் இன்ன ஆண்டில் இவ்வாறு குறித்தார் என்று எழுதுக. அச்சொல்லுக்குரிய வெட்கம் சொன்னவனைச் சேரட்டும்.

அதே சீலம் மற்றைச் சாராரையும் தடுக்கின்றது. நம் முன்னோர் பூர்வ பௌத்தர் என்று அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய தம் பத்திரிகையில் வாதித்தனர். அஃது ஒரு சமூகத்தைப் பற்றிய ஆராய்ச்சி. அதனைச் சரித்திர அறிஞர் சோதிக்கட்டும். அதனைக் கொண்டு என் பூட்டன் விகாரையின் அதிபதி, என் பாட்டி அரசகுலத்தாள் என்று ஒருவர் தம் வீட்டு ஏட்டில் எழுதிக்கொள்வது வேறு. பண்டிதரோ தம் பாட்டனார் கந்தப்பனைக் குறித்து எழுதியபோது, அவர் துரை வீட்டில் பட்லராக இருந்தவர் என்று ஒளிக்காமல் எழுதினார். திருக்குறள் ஏட்டுச் சுவடியை எல்லீஸ் துரையிடம் சேர்த்தவர் அவரே என்றும் எழுதினார். சமையற்கட்டும் சுவடியும் ஒரே கையில் இருந்தன என்பதில் பண்டிதருக்கு நாணமில்லை.

தீட்சை பெற்ற குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். கௌதமன், சித்தார்த்தன், யசோதரை என்று புதுப்பெயர் சூடுகிறோம், மகிழ்ச்சியே. ஆனால் பழைய பெயர் இன்னதென்று ஓரிடத்தில் எழுதி வையாவிடில், பிறர் நம் முன்னோருக்குச் செய்ததை நாமே நம் பேரர்க்குச் செய்தவராவோம். வைசாகப் பௌர்ணமிக்கு முன் ஒவ்வொரு வீட்டாரும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அறிந்த பெயர்களை எழுதிச் சங்கத்துக்குக் கொணர்க. அறியாதவிடத்தில் பெயர் அறியோம் என்றே எழுதி, கீழே இரண்டு வரி இடம் விடுக. புண்ணியானுமோதனையின்போது அவ்விடங்களையும் வாசிப்போம்.