காலம் ஓடுகிறதா, நாம் ஓடுகிறோமா?

“டைமே பத்தல” என்று சொல்லாத நாள் நமக்கு உண்டா? ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகத் தெரியுது. கைப்பேசியில் வீடியோ பார்த்தால் ஒரு மணி நேரம் பத்து நிமிடமாகப் பறக்குது. காத்திருக்கும்போது மனம் நேரத்தையே எண்ணுகிறது; அதனால் நீள்கிறது. ஒன்றில் மூழ்கிவிட்டால் எண்ண ஆள் இல்லை.

சரி, மனசுதான் ஏமாத்துது, கடிகாரமாவது எல்லாருக்கும் பொதுவா? அதுவும் இல்லை என்று ஐன்ஸ்டைன் காட்டினார். வேகமும் ஈர்ப்பு விசையும் கடிகாரத்தின் ஓட்டத்தை மாற்றும். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள், பூமியில் உள்ளவற்றைவிட ஒரு நாளைக்குச் சுமார் 38 மைக்ரோ விநாடி முந்தும். அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் சுமார் 10 கிலோமீட்டர் பிழை சேரும்!

பாகவதத்தில் ககுத்மி என்றொரு மன்னர். மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை யார் என்று கேட்கப் பிரம்மலோகம் போனார். அங்கே நடந்த கச்சேரி முடியக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அதற்குள் பூமியில் 27 சதுர்யுகங்கள் கடந்துவிட்டன.

“பார்த்தீங்களா, ஐன்ஸ்டைனுக்கு முன்னாடியே நாங்க சொல்லிட்டோம்” என்று மார்தட்ட வேண்டாம். புராணம் இயற்பியல் பாடம் நடத்த வரவில்லை. மன்னர் மனதில் வைத்திருந்த மாப்பிள்ளைகள் மட்டுமல்ல, அவர்கள் பேரப்பிள்ளைகளின் பெயர்கூட அப்போது மிஞ்சவில்லை. நாம் பெரிசா நினைக்கும் பதவியும் புகழும் காலத்தின் முன் அவ்வளவுதான். இதுதான் அந்தக் கதையின் பாடம்.

அப்படியென்றால் எதற்கும் அர்த்தம் இல்லையா? மார்க்கண்டேயரை நினைச்சுப் பாருங்க. அவருக்கு விதித்த ஆயுள் 16 வருடம். உங்களில் பலருடைய வயசு! அவர் மிச்ச நாளை எண்ணி அழுதுகொண்டிருக்கவில்லை, சிவபூஜையில் நின்றார். யமன் வந்தபோதும் லிங்கத்தை விடவில்லை. அதனால்தான் சிவபெருமானுக்குக் காலகாலன் என்று பெயர்.

ராக்கெட்டில் பறந்தாலும் உங்கள் கையிலுள்ள கடிகாரம் உங்களுக்கு வழக்கம்போலத்தான் ஓடும். கூடுதலாக ஒரு விநாடியும் அனுபவிக்க முடியாது. நம் கையில் இருப்பது கவனம் மட்டுமே. வீடியோவிலும் மூழ்கலாம், தியானத்திலும் மூழ்கலாம். இரண்டிலும் நேரம் தெரியாது. முடிந்த பிறகு மனசில் என்ன மிஞ்சுதுன்னு பாருங்க. அங்கேதான் வித்தியாசம்.

இன்று இரவு தூங்கும் முன் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்களேன்.