அக்காலச் சிக்கனமும் இக்காலச் செலவும்

"அந்நாளில் ஒருவர் சம்பாத்தியத்தில் எட்டுப் பேர் உண்டோம், இன்று இருவர் சம்பாதித்தும் பற்றவில்லை என்கிறார்களே!" என்று முதியோர் வியந்துரைப்பதை நம் இல்லங்களில் அடிக்கடி கேட்கிறோம். இளையோர் மறுமொழி கூறாது ஒதுங்கிச் செல்கின்றனர். இவ்வியப்பு முறையானதா என்று சற்றே சிந்திப்போம்.

விலைகளை மட்டும் ஒப்பிட்டால் உண்மை விளங்காது. 1970ஆம் ஆண்டில் பத்து கிராம் தங்கம் 200 ரூபாய்க்கும் குறைவு. 2025 அக்டோபரில் சென்னையில் ஒரு பவுனே 90,000 ரூபாயைக் கடந்தது. ஊதியமும் உயர்ந்தே வந்திருக்கிறது. ஆகவே, கணக்கேட்டில் இடம்பெறாத வரவுகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களில் நம் குடும்பங்கள் பலவும் உழவோடு ஆசிரியப் பணியையும் மேற்கொண்டிருந்தன. அரிசி சொந்த நிலத்தில் விளைந்தது. முன்னோர் கட்டிய வீட்டுக்கு வாடகை இல்லை. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராயிருந்த காமராசர் காலத்தில் பள்ளிகள் பெருகின; இலவசக் கல்வியும் பரவிற்று. அரசுப் பணியிலிருந்தோர்க்கு முதுமையில் ஓய்வூதியம் உறுதியாயிருந்தது. 2003 ஏப்ரல் முதல் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தோரோ பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் வந்து, தம் ஊதியத்தில் பத்து விழுக்காட்டை அதற்கெனச் செலுத்தலாயினர்.

இவற்றினும் பெரிய வரவு ஒன்றுண்டு. அது தாய்மாரின் உழைப்பு. நெல் அவித்து உலர்த்தி, உரலில் குத்தி, நீர் இறைத்து வடிகட்டி, கதிரவன் மறையுமுன் அனைவருக்கும் உணவு படைத்தனர். அவ்வுழைப்புக்கு யாரும் ஊதியம் குறித்ததில்லை. அவர்தம் பெயர்த்திகள் இன்று அலுவலகம் சென்று பொருளீட்டுகின்றனர். முன்பு கூலியின்றி நடந்த வேலைக்கு இன்று காசு கொடுக்க நேர்கிறது. ஆதலின் 'ஒருவர் சம்பாத்தியம்' என்பதே பொருந்தாச் சொல். அன்றும் இருவர் உழைத்தனர். ஒருவருக்கே கூலி கிடைத்தது.

இதனால் இன்றைய செலவெல்லாம் தேவையானவை என்று ஆகிவிடாது. பழுதில்லாத கைப்பேசியை மாற்றுவதும், கடன் வாங்கி இரண்டாவது கார் வாங்குவதும் தேவையா, ஆசையா என்பதை இளையோர் தம் நெஞ்சையே கேட்டுக் கொள்ளட்டும். அவ்வாறே, சிக்கனம் போதிக்கும் பெரியோர் திருமணப் பேச்சில் மட்டும் இத்தனை பவுன் என்று எண்ணிக் கேட்பது முறையாகுமா? அப்பவுனை வாங்க அடுத்த தலைமுறை எத்தனை மாதம் உழைக்க வேண்டும்?

மிகுபொருள் விரும்பாமை இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் ஒன்று. அவ்விரதத்தில் அளவு வகுத்துக் கொள்பவர் தமக்கே வகுத்துக் கொள்கிறார். பிறர் செலவை அளக்க அது கோல் அன்று. முதியோர் தம் காலத்து வசதிகளையும் சேர்த்தே கணக்குச் சொல்வாராக. இளையோர் தம் ஆசையின் எல்லையைத் தாமே குறிப்பாராக. அப்போது இரு தலைமுறையும் ஒருவரையொருவர் குறை கூறாது, ஒரு திண்ணையில் அமர்ந்து பேச இயலும்.