சீட்டு வராத சிப்பாய்

யுத்தத்தை விளையாடலாமா? நம்மவர்களில் பலர் யோசியாமலே "கூடாது" என்று விடையளிப்பர். யுத்தத்தைக் கண்ட நாட்டவரின் விடை வேறெப்படி இருக்கும்? எனினும் அவ்விளையாட்டு என்ன சொல்கின்றது என்பதைக் கேட்ட பின்னர் தீர்ப்பளிப்பதே முறை.

மேசையில் போர் நடத்தும் வழக்கம் புதியதன்று. 1824இல் பிரஷ்ய இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், வரைபடமும் தாயக்கட்டையும் கொண்டு அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் ஆட்டமொன்றை அமைத்தார். 1913இல் எச். ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களுக்கு விதி வகுத்து ஒரு நூலே எழுதினார். உண்மை யுத்தம் எத்துணை மடமையானது என்பதை இவ்வாட்டம் உணர்த்தும் என நம்பினார் அவர். மறு ஆண்டே முதலாம் உலக மகாயுத்தம் மூண்டது.

ரிச்சர்ட் போர்க் ஆக்கிய 'மெமோயர் 44', நோர்மண்டித் தரையிறக்கத்தின் 60ஆவது ஆண்டான 2004இல் வெளிவந்தது. இது சீட்டுகளால் நடக்கும் போர். மேசைமீது கடற்கரை, குன்று, முட்கம்பி, பங்கர் எல்லாம் உண்டு. நான்கு பிளாஸ்டிக் சிப்பாய்கள் சேர்ந்தால் ஒரு காலாட்படைப் பிரிவு. களம் இடம், நடு, வலம் என மூன்றாகப் பிரிந்திருக்கும். கையில் இருப்பது இடப்புறச் சீட்டாயின் இடப்புறத்தார் மட்டுமே அசையலாம். வலப்புறத்தில் சூட்டுக்கு நேரே நிற்பவனைப் பின்னிழுக்க நாம் எவ்வளவு தவித்தாலும், சீட்டில்லையேல் அவன் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

இந்த வகையில் இது சதுரங்கத்தைவிட நேர்மையானது. சதுரங்கத்தில் நாம் நகர்த்த நினைத்த காய் தட்டாமல் நகரும். எந்தத் தளபதிக்கும் அத்தகைய படை வாய்த்ததில்லை. மனிதச் செயல்களுள் யுத்தத்தை மிக ஒத்தது கடதாசி விளையாட்டே என்று, 1832இல் வெளிவந்த தமது நூலில் கிளவுசெவிட்ஸ் எழுதியதும் இதனாற்றான்.

பாடசாலை விடுமுறையொன்றில் மருமகனோடு இதனை ஆடினேன். ஒமாஹா கடற்கரை, தரையிறங்கும் அமெரிக்கர் அவன் பக்கம். மூன்று சுற்றுகளாக அவனது வலப்புறப் பிரிவொன்று நீர் விளிம்பிலேயே நின்று, ஒவ்வொருவராக வீழ்ந்தது. கடைசிச் சிப்பாயையும் நான் எடுத்தபோது, "காட் வரல்லயே மாமா, நான் என்ன செய்யிற?" என்றான். ஆட்டத்தில் அது முழு நியாயம். விதிப்படி அந்தக் கடைசிச் சிப்பாயையே எனது பதக்கத் தட்டில் நிறுத்தினேன். அழிந்த பிரிவின் கடைசி மனிதன்தான் வென்றவருக்குப் பதக்கம்! இதைவிடக் கூர்மையான யுத்த விமர்சனம் ஒரு விதிப் புத்தகத்தில் அகப்படுமென நான் எண்ணியிருக்கவில்லை. ஆக்கியவர் அதை விமர்சனமாகக் கருதினாரோ என்னவோ.

என்னை உறுத்தியது பதக்கமன்று, மருமகன் சொன்ன அந்த நியாயம். மேசையைவிட்டு எழுந்த பின்னரும் மனிதர் அதைச் சொல்கின்றனர். மேலிடத்துக் கட்டளை, காலநிலை, காலத்தின் கோலம் எனச் சீட்டுக்குத்தான் எத்தனை பெயர்கள்!

உண்மையான ஒமாஹாவில், 1944 ஜூன் 6 காலையில், கடல் கொந்தளித்தது. கான்வஸ் திரை சுற்றி மிதக்கச் செய்த தாங்கிகளைக் காலாட்படைக்குத் துணையாகக் கடலில் இறக்குவதே திட்டம். 741ஆவது தாங்கிப் படையணி கரைக்கு ஏறத்தாழ 5 கிலோமீற்றர் அப்பால் 29 தாங்கிகளை இறக்கியது, 27 மூழ்கின. அந்தப் பகுதியில் கரையேறிய காலாட்படை, தனக்கென வகுக்கப்பட்ட துணையில் பெரும்பகுதியின்றியே சூட்டை எதிர்கொண்டது. மேற்குப் பக்கத்தில் இறங்கவிருந்த 743ஆவது படையணிக்கும் அதே கடல், அதே காற்று, அதே திட்டம். அங்கே தாங்கிப்படை அதிகாரி ஒருவரும் கடற்படை அதிகாரி ஒருவரும் அலையைப் பார்த்துத் தமக்குள் பேசினர். கடலில் இறக்குவதில்லை, படகுகளையே கரைவரை செலுத்துவது என்று முடிவெடுத்தனர். அத்தாங்கிகளில் பெரும்பாலானவை மணலைத் தொட்டன. அவற்றுள்ளும் சில எதிரியின் பீரங்கிக்கு இரையாகின.

அந்த இருவர் கையிலும் நல்ல சீட்டு இருக்கவில்லை. மருமகனுக்கு இக்கதையைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்பிடி ஒரு காட் இதுல இல்லையே மாமா" என்றான்.