வாசியில்லாக் காசு

(ஏற்காடு மலை, வாழவந்தியில் சிறுவர் சமய முகாமின் நிறைவு நாளில் ஆற்றிய உரை)



திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது நடந்ததைச் சேக்கிழார் பெருமான் பாடியிருக்கிறார். அடியார்களுக்குச் சோறு போட வழியில்லை. அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாளுக்கொரு படிக்காசு வைத்தான். அப்பர் காசைக் கடைக்காரர்கள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். சம்பந்தர் காசுக்கு மட்டும் வாசி என்று வட்டம் பிடித்தார்கள். அதனால் அவர் மடத்தில் தினமும் பந்திக்கு நேரமாயிற்று. ஏன் என்று விசாரித்தால், அப்பர் உழவாரம் பிடித்துப் புல் செதுக்குகிறவர். கைத்தொண்டு செய்கிறவர் காசில் வாசி இல்லை! உமையம்மை பாலூட்டிய பிள்ளைக்கே அந்தக் கழிவு என்றால், கைத்தொண்டின் மதிப்பை எண்ணிப் பாருங்கள்.

இதை இன்று எடுக்கக் காரணம் உண்டு. இங்கே தொண்டு செய்த கல்லூரித் தம்பி ஒருவர், வந்த அன்றே என்னிடம், "ஐயா, எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. பிள்ளைகளைப் பார்த்துக்க ஆள் வேணும்னு நண்பன் கூப்பிட்டான், வந்தேன். இருக்கலாமா?" என்று கேட்டார். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

சேலம் வெயிலில் காயும் இதே மே மாதத்தில், இந்த மலையில் விடியற்காலைத் தண்ணீர் கையைக் கடிக்கும். அப்படியொரு விடியலில் அந்தத் தம்பி குழாயடியில் பாய் அலசிக்கொண்டிருந்தார். முதல்முறை வீட்டை விட்டு வந்த ஒரு சின்னப் பையன் இரவில் பாயை நனைத்துவிட்டான். மற்றப் பிள்ளைகள் எழுவதற்குள் அவனுக்கு உடுப்பு மாற்றி, தன் போர்வையைப் போர்த்தித் தூங்க வைத்துவிட்டார் தம்பி. காலையில் யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, யாருக்கும் தெரியாது. பொங்கல் அடிப்பிடித்த அண்டாவைத் தேய்த்ததும் அவர்தான்.

உடனே நம்மில் சிலர், "வாயால் இல்லை என்றாலும் உள்ளுக்குள் அவர்தான் பெரிய பக்தர்" என்பார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். ஒருவர் யோசித்துச் சொன்ன சொல்லை நாம் நம்ப மறுப்பது அது. அவர் நம் ஆள் என்று உரிமை கொண்டாடினால்தான் அவர் உழைப்பு நமக்கு இனிக்குமா?

திருநீறாவது பூசிக்கொள்ளக் கூடாதா என்று சிலர் கேட்கலாம். குன்றக்குடி மடத்துக்குப் பெரியார் வந்தபோது, அடிகளார் அளித்த திருநீற்றை அவர் மறுக்கவில்லை என்பது பலரும் அறிந்தது. அது பெரியாரின் பெருந்தன்மை. பெருந்தன்மையை விதியாக்கி, இருபது வயதுப் பிள்ளையிடம் வற்புறுத்தி வாங்கக் கூடாது. அழைத்தவர் வளைந்துகொடுத்த கதையும் இருக்கிறது. ஆந்திரத்து கோரா, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பாடம் சொன்னவர், உறுதியான நாத்திகர். 1940களில் காந்தியோடு பழகினார். சாதி கடந்து தன் மகளுக்கு அவர் ஏற்பாடு செய்த திருமணத்தைச் சேவாகிராமத்திலேயே நடத்தலாம் என்றார் காந்தி. கடவுள் பெயர் வரும் இடத்தில் சத்தியம் என்று சொல்லவும் இசைந்தார். 1948இல் அந்தத் திருமணம் அங்கே நடந்தபோது காந்தி உயிரோடு இல்லை. நாள்தோறும் பிரார்த்தனை நடந்த இடம் அது. அந்தத் திருமணத்துக்காகப் பிரார்த்தனை நின்றுவிடவில்லை, கோராவும் மாறிவிடவில்லை.

சரி, "அண்ணா, நீங்க ஏன் கும்பிடலை?" என்று பிள்ளை கேட்டால்? சில பெற்றோருக்கு இந்தக் கவலை இருக்கிறது. நியாயமான கவலைதான். இங்கே ஒரு சிறுமி கேட்டே விட்டாள். "எனக்கு இன்னும் அப்படித் தோணலைம்மா. நீ கும்பிடு, நான் செருப்பைப் பார்த்துக்கிறேன்" என்றார் தம்பி. அவர் பொய்யும் சொல்லவில்லை, அவள் கூப்பிய கையைக் கேலியும் செய்யவில்லை. நம்பிக்கை உள்ள நம் தொண்டர்களும் இப்படிப் பதில் சொல்லப் பழக வேண்டும். பக்கத்து ஊரில் ஜெபக்கூட்டத்துக்குப் போகும் பிள்ளையைப் பற்றி நம் பிள்ளை கேட்கும்போது, நம்மில் எத்தனை பேருக்கு இந்த நிதானம் வரும்?

முகாம் நடத்தும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொண்டர் பதிவுத் தாளில் முதல் கேள்வி, "தீட்சை பெற்றவரா?" என்று இருக்கிறது. அடுத்த ஆண்டு அதை எடுத்துவிடுங்கள். இரவில் கண்விழிக்க முடியுமா, பிள்ளை அழுதால் பொறுமை இருக்குமா, அடிக்காமல் இருப்பீர்களா என்று கேளுங்கள். இந்தத் தம்பிக்கும் ஒரு தாள் அனுப்புங்கள்.