அந்தக் கைநாட்டு என்னுடையதல்ல!

வடகிழக்கு டெல்லியில் சுந்தர் நக்ரி என்றொரு குடியிருப்பு. ஏழைகள் நெருக்கியடித்து வாழும் இடம். அங்கே ஒரு பெண்ணின் ரேஷன் கார்டுக்கு மாதம் 25 கிலோ கோதுமையும் 10 கிலோ அரிசியும் மலிவு விலையில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. டெல்லி தகவல் உரிமைச் சட்டம் 2001 அக்டோபரில் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்கீழ் தன் கார்டுக்கான பதிவுகளைக் கேட்டு அவர் மனுப் போட்டார். நகல்கள் வந்தன. மாதம் தவறாமல் பொருள் வாங்கியதாகக் கணக்கு, பில்களில் கைநாட்டு. அந்தப் பெண்ணோ படித்தவர், எங்கே போனாலும் கையெழுத்துப் போடுகிறவர்!

அதற்குப் பிறகு கடைக்காரரே அவர் வீடு தேடி வந்தார். புகார் வேண்டாம், இனி ஒழுங்காகத் தருகிறேன் என்று கெஞ்சினார். தன் பெயரில் அரசு எழுதி வைத்திருந்த காகிதத்தை அவரே கேட்டு வாங்கினார், அவ்வளவுதான்.

அதே சுந்தர் நக்ரியில் 2002 டிசம்பரில் தெருவிலேயே மக்கள் மன்றம் கூடியது. மாநகராட்சி ஒப்பந்த நகல்களை ‘பரிவர்த்தன்’ அமைப்பினர் வாங்கி வந்து உரக்கப் படித்தார்கள். சாக்கடைகளுக்கு 253 இரும்புக் கிராதிகள் போட்டதாகக் காகிதம் சொன்னது. முப்பதுதான் இருக்கிறது என்றார்கள், தினமும் அந்தச் சாக்கடையைத் தாண்டிப் போகிறவர்கள். சுமார் 1.3 கோடி ரூபாய் வேலைகளில் 70 லட்சத்துக்கான வேலை கண்ணிலேயே படவில்லை. எந்தப் பொறியாளரும் அங்கே தேவைப்படவில்லை. எண்ணத் தெரிந்தால் போதும்! அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த சந்தோஷ் கோலி என்ற இளம்பெண் ரேஷன் திருட்டை எதிர்த்து இறங்கினார். தாக்கினார்கள். உயிர் பிழைத்தார். மறுபடி அதே வேலைக்குப் போனார். அந்த நெஞ்சுரம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வராதா என்ன?

இனிச் சொல்லப்போவது கசப்பானது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ‘பரிவர்த்தன்’ அமைப்பை முன்னின்று நடத்திய அர்விந்த் கேஜ்ரிவால் டெல்லியின் முதலமைச்சர் ஆனார். 2023 ஜூலையில் அவருடைய அரசைப் பார்த்து உச்ச நீதிமன்றம் கேட்டது: மூன்று ஆண்டில் விளம்பரத்துக்கு 1,100 கோடி செலவழிக்க முடிகிறதென்றால், ரயில் திட்டத்துக்குத் தர வேண்டிய பங்கைத் தர முடியாதா? சிஏஜி எனப்படும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகள் சட்டமன்றத்தில் வைக்கப்படாமலே கிடந்தன. அந்தத் தாமதத்தை 2025 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் கண்டித்தது. ஆட்சி மாறிய பிறகு, 2025 பிப்ரவரியில்தான் அவருடைய அரசின் மதுக் கொள்கை பற்றிய அறிக்கை சபைக்கு வந்தது; சுமார் 2,002 கோடி ரூபாய் இழப்பு என்றது அது.

எதிர்த்தரப்பு மட்டும் யோக்கியமா? 2014-க்குப் பிறகு, ஊழல் விசாரணை வளையத்தில் இருந்த எதிர்க்கட்சிப் பிரமுகர்கள் 25 பேர் பாஜக பக்கம் போனதையும், அவர்களில் 23 பேர் மீதான நடவடிக்கை தளர்ந்ததையும் 2024 ஏப்ரலில் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ பட்டியல் போட்டுக் காட்டியது. இப்படித் தோண்டி எழுதும் நிருபர்களுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அரசு தரும் முழுப்பக்க விளம்பரத்தால் பிழைக்கும் பத்திரிகை, அந்த அரசை எத்தனை நாள் சுடச்சுடக் கேட்கும்? விளம்பரத்துக்கு வரைமுறை வேண்டும் என்று 2015 மே மாதமே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பக்கங்களோ இன்றும் சிரித்த முகங்களால் நிரம்புகின்றன.

அதனால்தான் சொல்கிறேன், எந்தத் தலைவரையும் தோளில் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள்! உங்கள் கேள்வியைத் தூக்கிப் பிடியுங்கள். கேள்வி கேட்டவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாரா? அவரையும் கேளுங்கள். அடுத்து வருகிறவரையும் கேளுங்கள். ‘எல்லாரும் திருடன்தான்’ என்று டீக்கடையில் சலித்துக்கொள்வது கோழைத்தனம். எந்தத் திருடனும் அதற்குப் பயப்பட்டதில்லை!

உங்களுக்கு என்ன குறை? எழுதத் தெரியும், கையில் போன் இருக்கிறது. 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசிலும் நம் தமிழ்நாட்டிலும் மனுக் கட்டணம் பத்தே ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது. முப்பது நாளில் பதில் வர வேண்டும். காரணமில்லாமல் இழுத்தடித்தால் பொதுத் தகவல் அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் போகலாம். 2023-ன் தனிநபர் தரவுச் சட்டம் தகவல் சட்டத்தின் ஒரு பிரிவைத் திருத்தி, ‘தனிப்பட்ட விவரம்’ என்று கைவிரிக்க வழிவிட்டிருக்கிறது. வருத்தமாக இருக்கிறது, ஆத்திரமாகவும் இருக்கிறது. ஆனாலும் பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்னும் 8(2) பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை மேற்கோள் காட்டிக் கேளுங்கள்.

உங்கள் தெருச் சாலையிலிருந்தே தொடங்குங்கள். ‘ஏன் போடவில்லை’ என்று எழுதாதீர்கள். ‘ஏன்’ என்பதற்கு நழுவலாகப் பதில் எழுதுவது அவர்களுக்குக் கைவந்த கலை. வேலை உத்தரவு, மதிப்பீடு, எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், கடைசி பில் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். அனுப்பிய தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மனு போய்ச் சேர்ந்து முப்பது நாளில் பதில் இல்லையா, முப்பத்தொன்றாம் நாளே முதல் மேல்முறையீட்டை எழுதுங்கள். பதில் வந்துவிட்டால் அளவு டேப்போடு தெருவில் இறங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும்.