வாசப்படி வரை வந்த சட்டம்

தொண்ணூறுகளின் தொடக்கம். அக்கா கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தோம். தறியைப் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட, கடைக்காரர் ஒரு ஆளைக் கூட்டிப் பிள்ளையார்பாளையத்துக்கு அனுப்பி வைத்தார். ஓட்டு வீடு. பாதி வீட்டைத் தறியே பிடித்துக்கொண்டிருந்தது.

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று இணைத்து நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவருக்குத் துணையாக இன்னொரு ஆள் தேவை. அந்த ஆளுக்குப் பத்து வயசு இருக்கும்.

''ஸ்கூல் இல்லையா?'' என்றேன்.

''நம்ம புள்ளதான் சார். கூடமாட ஒத்தாசை'' என்றார் அப்பா. பையன் நிமிரவே இல்லை.

அன்றைக்கும் சட்டம் இருந்தது. 14 வயது நிரம்பாதவர்களை நெசவு வேலையில் வைக்கக் கூடாது என்றது 1986-ம் வருடச் சட்டம். கூடவே, குடும்பத்தார் உதவியோடு நடத்தும் பட்டறைக்கு இந்தத் தடை கிடையாது என்றும் சொல்லிவிட்டது. காஞ்சிபுரத்தில் தறி இருப்பதோ வீட்டுக்குள். ஆக, சட்டம் வாசப்படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. முன்பணம் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுத் தறிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளும் உண்டு. கொத்தடிமைக் கடன் செல்லாது என்று 1976-லேயே சட்டம் வந்தாயிற்று. அந்தப் பிள்ளைக்கு அதை யார் போய்ச் சொல்வது?

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தள்ளி உத்திரமேரூர். அங்கே முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைக் காட்டி நாம் பெருமைப்படுகிறோம். நியாயமான பெருமைதான். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய உறவினர்களும் நிற்க முடியாது. இன்றைக்கு நினைத்தாலும் இனிக்கிறது! ஆனால் நிற்பதற்கு நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை.

பிற்பாடு விஜயநகர காலத்தில் நெசவாளர்கள் தலை நிமிர்ந்தார்கள். காஞ்சிபுரம் கைக்கோளர்களுக்குச் சங்கு ஊதிக்கொள்ளவும் பல்லக்கில் போகவும் உரிமை இருந்தது. 'காஞ்சிபுரத்தில் உள்ளது போல எங்களுக்கும்' என்று மற்ற ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கியதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அவர்களிடம் தறி இருந்தது, வரி கட்டினார்கள், சேர்ந்து நின்றார்கள். அதனால் கேட்க முடிந்தது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

சரித்திரம் முழுக்க இதே கதைதான். எந்த அரசும் குரல் வந்த திசையில்தான் திரும்பிப் பார்த்திருக்கிறது. ஆனால், கேட்கத் தெரிந்தவனுக்குக் கொடுப்பது சலுகை. கேட்கத் தெரியாதவனுக்கும் இருப்பதுதான் உரிமை. பத்து வயசுப் பையன் சங்கமா வைக்க முடியும்?

அப்பாவைத் திட்டுவது சுலபம். கோர்வைக்குப் பெரிய ஆளை உட்காரவைத்தால் கூலி கொடுக்க வேண்டும். அந்தக் கூலி புடவை விலையில் ஏற வேண்டும். ஏற விடுகிறோமா?

2002-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமை ஆக்கினார்கள். 2010-ல் அது நடைமுறைக்கு வந்தது. 2016-ல், 14 வயதுக்குக் கீழே எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்றார்கள். பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற ஒரு வரி பாக்கி இருக்கிறது. அதே வாசப்படி!

அந்தப் பையன் இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பான். அக்காவின் பீரோவில் அந்தப் புடவை இன்னும் கரை மங்காமல் இருக்கிறது. தறியைப் பார்த்துவிட்டு நேரே கடைக்குத் திரும்பி, பேரம் பேசி முந்நூறு ரூபாய் குறைத்து வாங்கியது அது. வீட்டில் எல்லோரும் என் சாமர்த்தியத்தைப் பாராட்டினார்கள்.

அந்த முந்நூறை விட்டுக்கொடுத்தது கடைக்காரர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.